விருந்தாளியா, வேலையாளா? கூடவே ஒரு நாய்!

முன்பின் தெரியாத இருவர் நம் வீட்டில் ஒரு மாதம் தங்குகிறார்கள். அவர்கள் வாடகை தருவதில்லை. நாம் சம்பளம் தருவதில்லை. காலையில் சில மணி நேரம் நம் நிலத்தில் வேலை செய்கிறார்கள். நாம் சமைத்ததை நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மாதம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டு விடுகிறார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டை நம் குடும்பங்களில் சொல்லிப் பாருங்கள். “யாரு எவருன்னு தெரியாம வீட்டுக்குள்ள விடுறதா?” என்பதுதான் முதல் கேள்வியாக வரும். கூடவே ஒரு நாயும் வருகிறது என்றால் பேச்சு அதோடு முடிந்து போகும்.

ஆனால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, பிரான்ஸ், போர்ச்சுகல் போன்ற நாடுகளின் நாட்டுப்புறங்களில் இது பழகிப்போன வழக்கம். சிறு பண்ணை வைத்திருப்பவர்கள், பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விட்ட வயதான தம்பதியர், வேலைக்குப் போய்க்கொண்டே நிலத்தையும் பார்ப்பவர்கள் எனப் பலரும் இப்படி உதவியாளர்களை வரவேற்கிறார்கள். மலேசிய, சிங்கப்பூர் இளையோரும் படிப்பு முடிந்து வேலையில் சேருமுன் இந்த வழியில் ஊர் சுற்றக் கிளம்புகிறார்கள்.

என் அக்காவும் அத்தானும் நியூசிலாந்தின் வைக்காட்டோ வட்டாரத்தில், ஹாமில்டன் நகரத்திலிருந்து அரை மணி நேர கார் பயணத் தொலைவில் வசிக்கிறார்கள். சென்ற செப்டம்பரில் அம்மாவும் நானும் ஐந்து வாரம் அவர்களோடு தங்கியிருந்தோம். அதே சமயம் ஓர் இணையரும் அவர்களின் நாயும் அங்கு உதவிக்கு வந்து சேர்ந்தனர். அந்த ஐந்து வாரத்தில் நான் பார்த்ததும், பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதும் இங்கே.

ஒரு வார இறுதியில் தொடங்கியது

இந்த வழக்கத்தின் தொடக்கம் 1971ஆம் ஆண்டு இங்கிலாந்தில். லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ காப்பர்ட் என்ற பெண்மணிக்குக் கிராமத்துக்குப் போய் மண்ணில் கைவைக்க ஆசை; போய்த் தங்க இடமில்லை. சசெக்ஸ் வட்டாரத்தில் எமர்சன் கல்லூரியின் இயற்கை வேளாண் பண்ணையில் ஒரு வார இறுதி வேலை செய்ய ஏற்பாடு செய்தார். நான்கு பேர் போனார்கள். அதுதான் இன்று ‘வூஃப்’ என்று பல நாடுகளில் அறியப்படும் அமைப்பின் முதல் பயணம். வார இறுதி வேலைக்காகத் தொடங்கியது, பிறகு வாரக் கணக்கில் தங்குவதாக வளர்ந்தது.

வூஃப் இயற்கைப் பண்ணைகளுக்கு மட்டுமானது. பின்னர் வந்த ஹெல்ப்எக்ஸ், வொர்க்கவே போன்ற இணையத்தளங்கள் எல்லா வகை வீடுகளுக்கும் வழி திறந்தன. தோட்ட வேலை, வீட்டுக்குச் சாயம் பூசுவது, விறகு அடுக்குவது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என எதுவானாலும் சரி. வீட்டுக்காரர் தம் வீட்டைப் பற்றி எழுதி வைப்பார்; உதவியாளர் தம்மைப் பற்றி எழுதி வைப்பார். தங்கிப் போன பிறகு இருவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் கருத்து எழுதுவார்கள். பொதுவாக ஒரு நாளைக்கு 4 முதல் 6 மணி நேர வேலை, வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, அதற்குப் பதில் சாப்பாடும் படுக்கையும். இதுதான் எழுதப்படாத கணக்கு.

பத்து ஏக்கரும் இரண்டு பேரும்

அக்கா மருத்துவமனையில் தாதி. அத்தான் கணினித் துறை. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவர்களிடம் இருப்பது 4 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய பத்து ஏக்கர் நிலம். இருபத்தைந்து செம்மறி ஆடுகள், ஒரு டசன் கோழிகள், ஃபெய்ஜோவா மரங்கள், ஒரு மரக்கறித் தோட்டம். அந்த ஊரில் இதைப் பண்ணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முழுநேர விவசாயிகளுக்கு இது பொழுதுபோக்கு நிலம். ஆனால் நகர வேலையோடு சேர்த்துப் பார்க்கும் இருவருக்கு அது முதுகை முறிக்கும் வேலைதான்.

அதிலும் செப்டம்பர் அங்கே வசந்த காலத் தொடக்கம். ஆடுகள் குட்டி போடும் காலம். புல்லும் முள்செடியும் போட்டி போட்டு வளரும். குளிர்காலக் காற்றில் சாய்ந்த வேலிக் கம்பங்களைச் சரி செய்தாக வேண்டும். அக்கா இரவு வேலை முடிந்து காலையில் வந்து, தூங்குவதற்கு முன் சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஆடுகளைப் பார்க்கப் போவதை அம்மா முதல் வாரமே கவனித்து விட்டார். “இதுக்கா அந்த ஊருக்குப் போனே?” என்று ஒரு நாள் கேட்டும் விட்டார்.

வந்த இணையர் முப்பதுகளில் இருந்த நியூசிலாந்துக்காரர்கள். அவர் வேலி போடும் தொழிலில் பல ஆண்டு இருந்தவர். அந்தப் பெண் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர். வீட்டு வாடகை கட்டி மாளவில்லை என்று வேலையை விட்டு, ஒரு பழைய பேருந்தை வீடாக மாற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். வீட்டுப் பேருந்து என்பது அங்கே புதிதல்ல. படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே உண்டு. எனவே தனியறை தேவைப்படவில்லை. பேருந்தை நிறுத்த இடம், மின்சாரம், குளியலறை, மூன்று வேளைச் சாப்பாடு, இவ்வளவுதான் கேட்டார்கள். “ஆனால் எங்களோடு நாய் இருக்கிறது. அதைச் சம்மதித்தால்தான் வருவோம்” என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். பல வீடுகள் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு மறுத்து விட்டனவாம்.

நாய் வருமுன் கேட்க வேண்டியவை

அது ஹன்டவே கலப்பு. ஆறு வயதுப் பெண் நாய். ஹன்டவே என்பது நியூசிலாந்திலேயே உருவான மேய்ப்பு நாய் இனம். மற்ற மேய்ப்பு நாய்கள் பதுங்கிப் பார்வையாலேயே ஆட்டை மடக்கும். ஹன்டவே குரைத்தே மந்தையை மலைமேல் ஓட்டும். பெரிய மலைப் பண்ணைக்கு அது வரம். குட்டி போடக் காத்திருக்கும் இருபத்தைந்து ஆடுகள் உள்ள சிறு நிலத்துக்கு அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அத்தான் சம்மதம் சொல்வதற்கு முன் நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்கினார். முதலாவது, நகராண்மைப் பதிவு. நியூசிலாந்தில் மூன்று மாதம் நிரம்பிய எந்த நாயும் வட்டார மன்றத்தில் பதிவு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். இரண்டாவது, தடுப்பூசிக் குறிப்பு. மூன்றாவது, கோழி, ஆடு, பூனையைக் கண்டால் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு முன்பு தங்கிய வீட்டுக்காரரின் கருத்து. நான்காவது, நம்மவர்கள் அறியாதது: நாடாப்புழு மாத்திரை.

நாயின் குடலில் வாழும் ஒரு வகை நாடாப்புழுவின் முட்டை, அதன் கழிவு வழியாகப் புல்லில் பரவும். அதை மேயும் ஆட்டின் தசையில் சிறு கட்டிகள் உருவாகும். மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் இறைச்சிக் கூடத்தில் அந்த ஆட்டின் இறைச்சியைக் கழித்து விடுவார்கள். ஆட்டிறைச்சி ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாட்டில் இது சின்ன விஷயமல்ல. அதனால் வெளியூர் நாய் நிலத்தில் கால் வைப்பதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே மாத்திரை கொடுத்திருக்க வேண்டும் என்பது அங்கே பண்ணை மரியாதை. பச்சை ஆட்டிறைச்சியோ எலும்போ நாய்க்குப் போடக் கூடாது. போடுவதென்றால் 10 பாகை உறைகுளிருக்குக் கீழ் 10 நாள் வைத்திருக்க வேண்டும், அல்லது நன்றாகச் சமைக்க வேண்டும்.

இத்தனை கேட்டும் மூன்றாம் நாள் ஒரு பதற்றம் வந்தது. அந்த ஆண் வேலியோரம் போகும்போது வாயிற்கதவின் கொக்கி சரியாக மாட்டாமல் போயிற்று. நாய் உள்ளே புகுந்தது. ஆடுகள் ஒரு மூலையில் ஒண்டின. நாய் எதிரே நின்று குரைத்த குரைப்பில் சமையலறைக் கண்ணாடி அதிர்ந்தது. கடிக்கவில்லை, துரத்தவும் இல்லை. தன் இனத்துக்குத் தெரிந்த வேலையை அது செய்தது. ஆனால் சினை ஆடுகள் மிரண்டு ஓடினால் குட்டி கலைந்து போகலாம். அத்தான் ஓடிப் போவதற்குள் அந்தப் பெண் விசிலடித்து நாயைத் திருப்பி விட்டார்.

பக்கத்து நிலம் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணை. 1996ஆம் ஆண்டின் நாய்க் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, தன் கால்நடைகளுக்கிடையே கட்டுப்பாடின்றித் திரியும் நாயைப் பிடிக்கவோ கொல்லவோ உரிமையாளருக்கு உரிமை உண்டு. அந்தக் கொக்கி அந்தப் பக்கத்துக் கதவில் கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று மாலையே எல்லாக் கதவுகளிலும் சங்கிலி மாட்டப்பட்டது. குட்டி போடும் காலம் முடியும் வரை நாய் நீண்ட கயிற்றில் அல்லது பேருந்துக்குள் என்று முடிவானது. நாட்டுப்புறத்தில் எல்லாரும் அறிந்த ஒரு விதி உண்டு: கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போ. திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி. நாயோடு வருகிறவர் அதை இரட்டிப்பாக மனத்தில் வைக்க வேண்டும்.

கோழிகளோடு பழக ஒரு வாரம் பிடித்தது. கயிற்றில் பிடித்தபடி தூரத்தில் உட்கார வைத்து, அமைதியாக இருந்தால் ஒரு தீனி. மறுநாள் இன்னும் சற்று அருகில். எலி மருந்தும் நத்தை மருந்தும் கொட்டகையின் உயரமான தட்டுக்குப் போயின. இரண்டுமே நாயின் உயிரைக் குடிக்கும்.

அம்மாவுக்கும் ஒரு பாடம் இருந்தது. தோட்டத்தில் நாய்க்கென்று தனிச் சமையல் ஏது? மீந்த சோற்றில் குழம்பை ஊற்றி ஒரு மங்கில் வைப்பார்கள். அதே பழக்கத்தில் அம்மா வைத்த மங்கைப் பார்த்து அந்தப் பெண் தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னார்: வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். அம்மா நம்பவில்லை. “நம்ம தோட்டத்து நாயெல்லாம் தின்னு கொழுத்துச்சே!” என்றார். மறுநாளிலிருந்து சோற்றை வடித்ததும் ஒரு கரண்டி வெறுஞ்சோற்றைத் தனியே எடுத்து வைத்தார். நாய் சமையலறைக்குள் வரக் கூடாது என்ற விதியை மட்டும் அவர் கடைசி வரை தளர்த்தவில்லை. அதுவும் வாசற்படியோடு நின்று பழகிக்கொண்டது.

அம்மா கேட்ட கேள்வி

நாயைவிட அம்மாவை அதிகம் உறுத்தியது வேறொன்று. இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: “அந்தப் பையன் வெயில்ல வேலி போடுறான். அவனுக்கு என்னா சம்பளம்?”

சம்பளம் இல்லை, சாப்பாடும் இடமும்தான் என்று அக்கா விளக்கினார். அம்மா சாப்பிடுவதை நிறுத்தி விட்டார்.

அம்மா பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். பதினாறு வயதில் பெரட்டுக்குப் போகத் தொடங்கியவர். அங்கே வீடு தோட்டம் கொடுத்தது. லயத்தில் ஓர் அறை, ஒரு குசினி. வேலை செய்யும்வரை அந்த வீடு. தாத்தாவுக்கு வேலை முடிந்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையோடு வீட்டையும் இழந்தது நம் சமூகம் மறக்காத கதை. அப்படிப்பட்டவரிடம் “சோறும் கூரையும் கொடுக்கிறோம், வேலை செய்கிறார்கள்” என்றால் அவருக்கு வேறெது நினைவுக்கு வரும்?

அத்தான் வாதிட்டார். அவர்கள் விரும்பி வந்தவர்கள், நாளைக்கே கிளம்பலாம், பேருந்து அவர்களுடையது என்றார். அம்மா அதை ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை. “களை புடுங்குறது, முட்டை பொறுக்குறது சரி. அது வீட்டு ஆளு செய்யுற வேலை. வேலி போடுறது அவன் தொழிலு. நீங்க வேற ஆளைக் கூப்பிட்டிருந்தா காசு கொடுத்திருப்பீங்க இல்ல, மாப்பிள்ளை?”

இந்த ஒரு கேள்வி, இணையத்தளங்களின் நீண்ட விதிமுறைகளைவிடத் தெளிவாகக் கோட்டைப் போட்டுவிட்டது. அன்றிரவு நால்வரும் மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதினார்கள். நாளைக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள். தோட்டம், கோழி, விறகு, ஆடுகளைக் காலை மாலை பார்ப்பது ஆகியவை அதற்குள். வேலி மட்டும் தனி. அதற்கு அந்த ஊர் நடப்புக் கூலி எவ்வளவோ அது; அவர் பில் எழுதித் தருவார், அத்தான் வங்கியில் செலுத்துவார். அதுவரை எதையும் கேட்காத அவர், அந்தத் தாளைப் பார்த்ததும் சற்று நேரம் பேசவில்லை. பேருந்தின் பழுதுக்குப் பணம் சேர்க்க எங்கே வேலை தேடுவது என்று அவர்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருந்தது அதன் பிறகுதான் தெரிந்தது.

சட்டமும் அதைத்தான் கேட்கிறது

நியூசிலாந்தின் 2000ஆம் ஆண்டு வேலை உறவுச் சட்டம், பலனை எதிர்பார்க்காதவரையும் பலன் எதுவும் பெறாதவரையும்தான் தன்னார்வலர் என்கிறது. இலவசச் சாப்பாடும் இடமும் பலனாகக் கருதப்படலாம். கிரைஸ்ட்சர்ச் பக்கத்துப் பண்ணை ஒன்று, இப்படி வந்தவர்களைத் தன் வியாபார வேலைக்குப் பயன்படுத்தி, அவர்களைத் தன்னார்வலர் என்று சொன்னது. அவர்கள் தொழிலாளர்களே என்று வழக்கில் தீர்ப்பானது. அதாவது, அவர்களின் உழைப்பால் வீட்டுக்காரருக்கு வருமானம் வருகிறதா, சம்பள ஆள் செய்ய வேண்டிய இடத்தை அவர்கள் நிரப்புகிறார்களா என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. 1974 முதல் அந்நாட்டில் நடைமுறையில் உள்ள விபத்து இழப்பீட்டுத் திட்டம், யார் மீது தவறு என்று பார்க்காமல் விபத்துக் காயத்துக்கான சிகிச்சைச் செலவுக்கு உதவுகிறது. வெளிநாட்டுப் பயணிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் நோய்க்குப் பொருந்தாது. எனவே பயணக் காப்புறுதி அவசியம்.

நம் பிள்ளைகள் போவதென்றால்

முதலில் விசா. நியூசிலாந்துக் குடிநுழைவு விதிப்படி, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாகச் செய்வதும் வேலையே. சுற்றுலா விசாவில் போய் இதைச் செய்ய முடியாது. மலேசியாவின் 18 முதல் 30 வயது வரையுள்ளோருக்கு வேலை-விடுமுறை விசாத் திட்டம் உண்டு. சிங்கப்பூர் மாணவர்களுக்கும் அண்மைப் பட்டதாரிகளுக்கும் தனித் திட்டம் உண்டு. இடங்களுக்கு வரம்பு இருப்பதால் விண்ணப்பம் திறக்கும் நாளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டு விசாவுக்குக் கிராமப்புற வேலை நாள்கள் கணக்கிடப்படும். 2015 டிசம்பர் முதல் சம்பளமில்லாத வேலை அந்தக் கணக்கில் சேராது.

அடுத்து, வீட்டைத் தேர்ந்தெடுப்பது. இணையத்தளத்தில் உள்ள கருத்துகளை எண்ணிக்கை பார்க்காமல் வரி வரியாகப் படியுங்கள். போவதற்கு முன் காணொளி அழைப்பில் பேசுங்கள். எத்தனை மணி நேரம், என்ன வேலை, தனியறையா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, அருகில் பேருந்து வசதி உண்டா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். கடப்பிதழை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. கையில் எப்போதும் திரும்பி வரப் பயணச்சீட்டுக்கும், ஒரு வாரம் வேறெங்காவது தங்குவதற்கும் பணம் இருக்க வேண்டும். பெற்றோருக்கு முகவரியும் வீட்டுக்காரரின் தொலைபேசி எண்ணும் தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் வரவேற்பதென்றால்

பெந்தோங்கிலோ கேமரன் மலையிலோ பழத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் சிலருக்கும் இந்த எண்ணம் வரலாம். மலேசியாவில் சமூக வருகை அனுமதியில் வரும் வெளிநாட்டினர் வேலை செய்யக் கூடாது. சம்பளமில்லை என்பதாலேயே அது வேலையில்லை என்று நாமாக முடிவு செய்துகொள்ள முடியாது. குடிநுழைவுத் துறையில் கேட்டுத் தெளிவு பெறுவதே பாதுகாப்பு. உள்நாட்டு இளையோர் என்றால் இந்தச் சிக்கல் இல்லை. பட்டணத்தில் வளர்ந்து டுரியான் மரத்தடியில் ஓர் இரவும் காவல் இருந்திராத பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள்.

நாயோடு வந்தால், ஊராட்சி மன்ற உரிமம் பற்றிக் கேளுங்கள். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் பரவியிருப்பதால், தடுப்பூசியும் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டு போகும் அனுமதியும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அண்டை வீட்டார் முஸ்லிம்கள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், நாய் அவர்கள் வாசலுக்குப் போகாமல் பார்ப்பதும் நம் பொறுப்பு.

அக்கா வீட்டில் அந்த இணையர் ஒரு மாதத்துக்கு வந்து ஆறு வாரம் இருந்தார்கள். நாங்கள் திரும்பும்போது முப்பத்தொரு குட்டிகள் பிறந்திருந்தன. அக்கா இரவு வேலை முடிந்து வந்ததும் நேராகத் தூங்கப் போக முடிந்தது. அடுத்த ஆண்டும் செப்டம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். அம்மா எழுத வைத்த தாளை அக்கா குளிர்பெட்டிக் கதவிலிருந்து இன்னும் எடுக்கவில்லை. இடையில் வந்துபோன மற்ற உதவியாளர்களுக்கும் முதல் நாளே அதைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார். எத்தனை மணி நேரம், எது கூலி வேலை, எது வீட்டு வேலை, எந்தக் கதவுக்குச் சங்கிலி, நாய்க்கு என்ன கொடுக்கக் கூடாது. இந்த ஐந்தும் அதில் இருக்கின்றன. உங்கள் வீட்டுக்கு யாரையாவது வரவேற்க நினைத்தாலும், உங்கள் பிள்ளை எங்காவது போக நினைத்தாலும், பெட்டியைக் கட்டுவதற்கு முன் இப்படி ஒரு தாள் எழுதப்பட்டிருக்கட்டும்.